பள்ளிக்கூடம் போகாத உத்தியோகத்தர்

கண்ணாடியைக் கடலில் தவறவிட்ட வெள்ளைக்காரி, பைக்குள் கையை விட்டுத் துழாவி ஒரு சின்னப் போத்தலை எடுத்து மூடியைத் திருகினாள். வயிற்றைப் பிரட்டும்போது குடிக்கிற மருந்து என்று நினைத்துக்கொண்டாள். போத்தல் வாய்க்கு அருகே போனபோது, படகின் முன்பக்கத்தில் குந்தியிருந்த நளீர் அதில் ஒட்டியிருந்த பொடி எழுத்துக்களைப் பார்த்துவிட்டான். அதைக் குடிக்க வேண்டாம், அது தோலில் பூசுகிற மருந்து என்று இலக்கணம் பிசகாத ஆங்கிலத்தில் சொன்னான்.

சொன்ன பிறகுதான், தனக்கு வாசிக்கத் தெரியாது என்பது அவனுக்கு ஞாபகம் வந்தது.

வாசிக்கத் தெரியாமல் இருப்பதுதான் அவனுடைய தொழில். கற்பிட்டிப் பக்கத்து எத்தாளைக்கு மேற்கே, யுத்தம் முடிந்த கையோடு கடலோரம் முளைத்த ஹோட்டல்களில் ஒன்றில் அவன் வேலை செய்தான். ஹோட்டல் வாசலில் ஆளுயரப் பலகை ஒன்று நின்றது. அதில் கிழிந்த பனியனும் மடித்துக் கட்டிய சாரமுமாக, கையில் துடுப்போடு நளீர் சிரித்துக்கொண்டிருந்தான். படத்தின் கீழே, இவர் பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர், கடலே இவருடைய புத்தகம், இவரோடு டொல்பின் பார்க்க வாருங்கள் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. டொல்பின் காட்டும் படகு எல்லா ஹோட்டலிலும் இருந்தது. பள்ளிக்கூடம் போகாத மீனவர் இந்த ஹோட்டலில் மட்டுமே இருந்தார். பனியனைக்கூட ஹோட்டல்தான் புதிதாக வாங்கி, தையற்காரரிடம் கொடுத்து அளவாகக் கிழித்து எடுத்திருந்தது.

உண்மையில் நளீர் பட்டதாரி. கேம்பஸில் பொருளியல் படித்தவன். ஒருவருடைய கல்வி மட்டம் அவருடைய வருமானத்தையும் தொழிலையும் எப்படிப் பாதிக்கிறது என்பதுதான் அவனுடைய கடைசி வருட ஆய்வுக் கட்டுரை. ஒரு வருடம் கூடப் படித்தால் வருமானம் எவ்வளவு கூடும் என்பதை வரைபடம் போட்டு நிறுவியிருந்தான். கோடு மேல்நோக்கியே போனது. விரிவுரையாளர் மனதாரப் பாராட்டினார். பட்டம் வாங்கி வீட்டில் குந்தியிருந்த காலத்தில், அந்தக் கோட்டில் தான் எந்த இடத்தில் நிற்கிறேன் என்று ஒருநாள் தேடிப் பார்த்தான். தாளுக்கு வெளியே, மேசையில் எங்கேயோ நிற்பதாகத் தெரிந்தது.

கடைக்காரர்கள் அவனை வேலைக்கு எடுக்கவில்லை. அரசாங்க நியமனம் வந்ததும் ஓடிவிடுவான் என்றார்கள். அரசாங்கமும் எடுக்கவில்லை. அது காரணம் ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது படகில், வெள்ளைக்காரி போத்தலையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். பின்னால் இயந்திரத்தைப் பிடித்திருந்த சாள்ஸ் வேகத்தைக் குறைத்தார். நளீர் மூக்கைத் தொட்டுக் காட்டி, தன் ஆங்கிலத்தை அவசரமாக உடைத்துக்கொண்டான். "ஸ்மெல், மேடம். மீன்காரன் மூக்கு. மருந்து ஸ்மெல், குடிக்கிறது இல்லை, பூசுறது" என்ற அளவில் சொல்லி முடித்தான். இலக்கணத்தோடு வந்த முதல் வசனத்தைக் காற்றும் இயந்திரச் சத்தமும் கொண்டுபோயிருக்க வேண்டும் என்று மனதுக்குள் துஆ கேட்டான்.

கேட்டது கிடைத்தது, துஆ கபூலானது. அதுதான் வினையாகப் போனது. அவள் வியந்து போனாள். இவ்வளவு கூர்மையான ஒரு மனிதனுக்கு எழுத்து தெரியாமல் போனதே என்று அவளுக்குக் கண் கலங்கியது. அவள் பெயர் அனஸ்தாசியா. கற்பிட்டித் தேவாலயத்துப் பக்கம் அந்தப் பெயரில் இரண்டு பேரை நளீருக்குத் தெரியும். இவள் மூன்றாமவள், ஜெர்மன்காரி, சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்து இளைப்பாறிய ஆசிரியை. ஓய்வூதியம் இருந்தது, நேரம் இருந்தது, சொல்லிக்கொடுக்க ஆள் மட்டும் இல்லாமல் இருந்தது. அதுவும் அன்று காலை கடலில் அகப்பட்டுவிட்டது.

"தம்பி, நீங்க வாயத் திறக்காம இருந்திருக்கலாம்" என்றார் சாள்ஸ், கரைக்கு வந்ததும்.

"குடிச்சிருந்தா மேடத்துக்கு என்னமாவது ஆகியிருக்கும் அண்ணன்."

"ஓம், அதுவும் சரிதான்" என்று சாள்ஸ் நங்கூரத்தை எடுத்துக்கொண்டு போனார்.

இந்த வேலையைப் பற்றி முதன்முதலில் சொன்னவர் சாள்ஸ்தான். நளீருக்கு முன்னால் யோசேப்பு என்ற அசல் மீனவர் அதில் இருந்தார். விருந்தினர் ஏதாவது கேட்டால் "நோ இங்கிலிஸ்" என்று சொல்லிவிட்டு போனில் கிரிக்கெட் பார்ப்பார். இவர் அசல் மீனவர் மாதிரி இல்லையே என்று விருந்தினர்கள் முறைப்பாடு செய்ததில் யோசேப்புவின் வேலை போயிற்று. அந்த வெற்றிடத்துக்கு நளீர் போய் நின்றான். மனேஜர் முஹ்ஸின் அவன் முகத்தைக் கொஞ்சம் கூடுதலாகவே பார்த்தார். புத்தளத்திலிருந்து தினமும் ஜீப்பில் வந்து போகிற மனிதர், நாலும் தெரிந்தவர்.

"பள்ளிக்கூடம்?" என்று கேட்டார்.

"மழைக்கும் ஒதுங்கினதில்ல சேர்."

முஹ்ஸினுக்கு அந்தப் பதில் மிகவும் பிடித்துப்போனது. வேறு ஒன்றும் கேட்காமல் மேசை லாச்சியை இழுத்து மைப்பெட்டியை எடுத்து வைத்தார். நளீர் சுட்டுவிரலை மையில் தோய்த்தான். பெருவிரல், அதுவும் இடது கை என்று முஹ்ஸின் பொறுமையாகத் திருத்தினார்.

முதல்நாள் கடலில் நளீர் குடல் வெளியே வரும்வரை வாந்தி எடுத்தான். பள்ளிவாசல்துறையில் பிறந்தவன்தான், ஆனால் மீன்பிடிகாரரான அவனுடைய வாப்பா படிக்கிற பிள்ளை என்று அவனைத் தோணியில் கால் வைக்கவே விட்டதில்லை. இது கடலுக்குக் கொடுக்கும் காணிக்கை, இவர்கள் பரம்பரை வழக்கம் என்று சாள்ஸ் கையைக் காட்டி விளக்கியதில், அன்றைய விருந்தினர்கள் அதைப் படம் பிடித்துக்கொண்டார்கள். பிறகு நளீர் தொழில் பழகிவிட்டான். டொல்பினைப் பற்றி போனில் வாசித்ததையெல்லாம், பரம்பரை பரம்பரையாகக் கடலோடிகள் சொல்லிவந்த சங்கதி என்று அவிழ்த்துவிட்டான். கேம்பஸில் பாடுபட்டுத் திருத்திய ஆங்கிலத்தை மறுபடி உடைக்கப் பழகியதுதான் அவனுக்குக் கஷ்டமாக இருந்தது.

இவ்வளவையும் அவன் வீட்டுக்குத் தெரியாமல் செய்தான். வீடென்றால் பெண்சாதி றுமானாவின் வீடு. கல்யாணம் முடித்தவன் பெண் வீட்டில் போய் இருப்பது அங்கே வழக்கம். மாமா பதுர்தீன் எத்தாளையில் வெங்காயமும் மிளகாயும் வாங்கி லொறி ஏற்றுகிற வியாபாரி. அவர் மகளுக்குப் பட்டதாரி மாப்பிள்ளைதான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்று எடுத்தவர். மருமகன் ஹோட்டலில் விருந்தினர் தொடர்பு அதிகாரி என்பது அவருடைய நம்பிக்கை. நளீர் நீளக்கைச் சட்டை, சப்பாத்து சகிதம் வீட்டை விட்டுப் புறப்பட்டு, கடற்கரையில் சாள்ஸ் போட்டிருந்த மீன்பிடிக் குடிசையான வாடியில் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு, கிழிந்த பனியனோடு வேலைக்குப் போவான். றுமானாவுக்கு ஏழாம் மாதம். வேலை போனால் என்ன ஆகும் என்று அவன் யோசிப்பதே இல்லை.

அனஸ்தாசியா ஹோட்டல் முற்றத்தில் பாடம் தொடங்கினாள். முதல்நாள் ஒரே ஒரு எழுத்து. அதை எவ்வளவு நேரத்தில் கற்றுக்கொள்வது என்று நளீருக்கு விளங்கவில்லை. மெதுவாகப் படித்தால், தன் கற்பித்தலில்தான் கோளாறு என்று அவள் உதட்டைக் கடித்தாள். அதைப் பார்க்கப் பொறுக்காமல் மறுநாள் கொஞ்சம் வேகமாகப் படித்தான். அவள் சந்தோஷத்தில் அழுது, அதை வீடியோ எடுத்து உலகத்துக்கு அனுப்பினாள். வேகத்தைக் குறைக்க ஒரு சோதனையில் வேண்டுமென்றே தவறினான். உடனே அவள் ஜெர்மனிக்குப் போகிற பயணத்தை ஒத்திப்போட்டாள்.

பாடத்தைப் பார்க்க மற்ற விருந்தினர்களும் கூடத் தொடங்கினார்கள். முஹ்ஸின் அவர்களுக்குக் கதிரை போட்டு இளநீர் விற்றார். நளீர் நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு தன் பெயரை முதன்முறையாக எழுதி முடித்தபோது முற்றமே கை தட்டியது. அந்தப் பக்கமாக இருந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த சாள்ஸும் அதைப் பார்த்து ஈர்க்குச்சியால் மணலில் தன் பெயரை எழுதினார். அதுதான் அவர் வாழ்க்கையில் முதல் தடவை. அதை யாரும் பார்க்கவில்லை.

இந்த அளவில் நின்றிருந்தால் பரவாயில்லை. நல்ல மாணவனின் வீட்டைப் பார்க்க வேண்டும் என்று அனஸ்தாசியாவுக்கு ஆசை வந்தது. வெள்ளிக்கிழமை வருவதாக அவளே நாளும் குறித்தாள். கூரையால் ஒழுகும், பாதை சரியில்லை, நாய் கடிக்கும் என்று நளீர் சொன்ன ஒவ்வொன்றும் அவளுடைய இரக்கத்தைக் கூட்டியது.

வீட்டை நளீர் சமாளித்துவிடுவான்; ஹோட்டலில் பெரிய பதவியில் உள்ள மேடம் வருகிறாள் என்று மாமாவிடம் சொல்லிவைத்தான். எத்தாளைச் சந்தியைத்தான் சமாளிக்க வழி தெரியவில்லை. கல்யாணத்தின்போது பதுர்தீன் சந்தியில் ஒரு பேனர் கட்டியிருந்தார். கறுப்புக் கவுணும் தொப்பியுமாக, சுருட்டிய தாளைக் கையில் பிடித்தபடி நளீர் நிற்கிற படம். எங்கள் ஊரின் முதல் பட்டதாரி மருமகனை வாழ்த்துகிறோம் என்று தமிழில் எழுதியிருந்தது. வெயில் பட்டு முகம் வெளிறிப் போயிருந்தாலும், தெரிந்தவர்களுக்கு அடையாளம் தெரியும். ஹோட்டலுக்குப் போகிற எந்த வாகனமும் அதன் கீழால்தான் திரும்ப வேண்டும்.

"மாமா, சந்தில உள்ள பேனர் வெளிறிப் போச்சு. பாக்கவும் சரியில்ல. கழட்டிருவோமா?" என்று அன்று பின்னேரம் கேட்டான்.

பதுர்தீன் கொஞ்சம் யோசித்தார். "நீங்க சொல்றது சரிதான் மருமகன். கழட்டத்தான் வேணும்" என்றார்.

நளீருக்கு மூச்சு வந்தது. வியாழக்கிழமை பேனரைக் கழற்றியும் விட்டார்கள். அந்த இடத்தில் அதைப்போல இரண்டு மடங்கு பெரிய புதுப் பேனர் ஏறியது. நளீரின் பல்வரிசைகூடத் தெளிவாக இருந்தது. இந்த முறை, ஊரின் முதல் பட்டதாரி என்பதை ஆங்கிலத்திலும் பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். ஹோட்டலில் பெரிய பதவியில் உள்ள ஜெர்மன் மேடம் வருகிறாள், அவளுக்கும் விளங்க வேண்டாமா என்று பதுர்தீன் கேட்டார். அவரையும் பிழை சொல்ல முடியாது.

வெள்ளிக்கிழமை அனஸ்தாசியா முச்சக்கர வண்டியில் வந்தாள். புத்தளத்தில் செய்வித்த புதுக் கண்ணாடி அவள் மூக்கில் இருந்தது. சந்தியில் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி நின்று பார்த்தாள். அவளை எதிர்கொள்ள வந்து பக்கத்தில் நின்ற நளீரைப் பார்த்தாள். மறுபடி மேலே பார்த்தாள்.

"மை பிரதர், மேடம். ட்வின்" என்றான் நளீர்.

அனஸ்தாசியாவின் முகம் சிவந்துகொண்டு வந்தது. பொய் பிடிபட்டுவிட்டது என்று நளீர் நினைத்தான். அது அப்படியல்ல என்பது வீட்டுக்குப் போய் இருந்த பிறகுதான் தெரிந்தது. மாமா என்று விளக்கப் போனால் இன்னொரு பொய் வேண்டிவரும் என்பதால் பதுர்தீனை அவன் தகப்பன் என்றே அறிமுகப்படுத்தியிருந்தான். அவள் தேநீரைத் தொடாமல் பதுர்தீனை நேருக்கு நேர் பார்த்து, ஆங்கிலத்தில் நிறுத்தி நிதானமாகக் கேட்டாள். ஒரு பிள்ளைக்குக் கறுப்புக் கவுண், அதே வயிற்றில் பிறந்த மற்றப் பிள்ளைக்குக் கிழிந்த பனியன், இது என்ன நியாயம் என்று கேட்டாள். ஒருவனைக் கேம்பஸுக்கு அனுப்பிவிட்டு இவனைக் கடலில் தள்ள உங்களுக்கு எப்படி மனம் வந்தது என்றும் கேட்டாள்.

"என்ன சொல்றாங்க?" என்றார் பதுர்தீன், வந்தவள் மருமகனைப் புகழ்கிறாள் என்ற சிரிப்போடு.

"படிப்புக்கு நீங்க ஏன் இவ்வளவு மரியாதை குடுக்கிறீங்க எண்டு கேக்கிறாங்க மாமா."

பதுர்தீனின் சிரிப்பு மெல்ல அடங்கியது. அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"சொல்லுங்க அவங்களுக்கு. தொண்ணூறில எங்கட ஆக்கள ஆயுதக்காரங்க வெரட்டினதில மன்னாரால வரக்குள்ள வீடு, தோணி, மாடு எல்லாத்தையும் உட்டுட்டுத்தான் வந்த. பொம்புளைகள்ட காதுல கெடந்தத கூட கழட்டி வாங்கிட்டுத்தான் உட்டாங்க. எங்களோட ஒரு படிச்ச வாத்தியார் வந்தாரு. அவர்ட்ட இருந்து ஒண்டையும் அவங்களுக்கு எடுக்க ஏலாமப் போச்சு. இங்க வந்து அகதி முகாமுல ஓலக் கொட்டிலப் போட்டு அடுத்த கெழமையே புள்ளைகளுக்குப் படிச்சுக் குடுத்தாரு. அண்டைக்கு நெனச்சன், என்ட மகளுக்கு யாரும் பறிச்செடுக்க ஏலாத ஒண்டு உள்ள ஆளத்தான் எடுக்கணும் எண்டு."

அந்தப் பேச்சை மட்டும் ஒரு சொல்லும் மாற்றாமல் மொழிபெயர்க்க வேண்டும்போல நளீருக்கு இருந்தது. யாரும் பறிக்க முடியாததை ஒவ்வொரு நாள் காலையிலும் தானே கழற்றி வாடியில் வைத்துவிட்டுப் போகிறேனே என்று வெட்கமாகவும் இருந்தது. ஆனால் அனஸ்தாசியா பதிலுக்குக் காத்திருந்தாள். அந்த நாட்களில் வசதி இருக்கவில்லையாம், ஒருவனைத்தான் படிக்க வைக்க முடிந்ததாம் என்று அவளுக்குச் சொன்னான்.

கண் கலங்கியிருந்த கிழவரை அனஸ்தாசியா பார்த்தாள். இது பச்சாத்தாபம் என்று எடுத்துக்கொண்டாள். அவருடைய கையைப் பிடித்து, எல்லாவற்றையும் மன்னித்துவிட்டதாகச் சொன்னாள். கையை இழுக்கவும் முடியாமல் விடவும் முடியாமல் பதுர்தீன் அஸ்தஃபிருல்லாஹ் என்று இறைவனிடம் மன்னிப்புக் கேட்டு முணுமுணுத்தார்.

திரைச்சீலைக்குப் பின்னால் நின்ற றுமானாவை நளீர் மறந்துபோயிருந்தான். அவள் பள்ளிக்கூடத்தின் கடைசிப் பரீட்சையான ஏ.எல். வரை படித்தவள், ஆங்கிலப் பாடத்தில் நல்ல புள்ளி எடுத்தவள். விருந்தாளிக்கு இனிப்பாக வட்டிலப்பம் எடுக்க அவன் குசினிக்குப் போனபோது அவள் கையில் கரண்டியோடு நின்றாள்.

"இப்ப நீங்க எத்தனாம் வகுப்பு?" என்று கேட்டாள்.

"இன்னும் சேரல்ல" என்றான் நளீர் தலையைக் குனிந்தபடி.

"ஒட்டுக்கும் படிக்காத ஆளாத்தான் அங்க வேல செய்றீங்களா?"

"ஓம்."

"மாசம் கொண்டுவந்து தார சம்பளம்?"

"அது மட்டும் உண்மை."

றுமானா வட்டிலப்பத்தைத் துண்டு துண்டாக வெட்டினாள். கத்தியைக் கழுவி வைத்தாள். பிறகு அவன் கையில் தட்டத்தைக் கொடுத்தாள். "சரி. இவ்வளவு நாளும் படிக்காம இருந்தீங்க. புள்ள பொறக்கிற மட்டும் கொஞ்சம் பல்லக் கடிச்சிட்டுப் படிக்காமலே இருங்க" என்றாள்.

அப்படி இருக்க நளீருக்குக் கொடுத்து வைக்கவில்லை. அடுத்தநாள் காலை அனஸ்தாசியா முஹ்ஸினின் ஒபிஸுக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டியவனைப் படகில் வைத்திருப்பது பாவம் என்றாள். புத்தளம் டவுனில் பெரியவர்களுக்கான எழுத்தறிவு வகுப்பில் அவனைச் சேர்த்துவிட்டதாகவும், புத்தகச் செலவும் பஸ் செலவும் தன்னுடையது என்றும் அறிவித்தாள். ஹோட்டல் அவனை விடாவிட்டால் இணையத்தில் எழுதுவேன் என்றாள். எல்லாவற்றுக்கும் அசையாத முஹ்ஸின் அந்தக் கடைசி வசனத்துக்கு அசைந்தார்.

சம்பளத்தைப் பற்றி அவள் ஒன்றும் யோசித்திருக்கவில்லை. படித்தால் வருமானம் தானாகக் கூடும் என்பது அவளுடைய எண்ணம். அதற்கு வரைபடம்கூட இருக்கிறது என்று நளீரிடம் விளக்கினாள். கோடு மேல்நோக்கிப் போகும் என்று கையால் காட்டினாள். நளீர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இனி ஒளித்துப் பயனில்லை என்று அவன் முஹ்ஸினிடம் ஓடினான். உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டால், பட்டத்துக்குப் பொருத்தமாக ஏதாவது வேலை தரமாட்டாரா என்ற நப்பாசை அவனுக்கு இருந்தது.

"சேர், ஒரு உண்மையச் சொல்லணும். நான் வந்து..."

முஹ்ஸின் உள்ளங்கையை உயர்த்தினார். "சொல்லாதீங்க. நீங்க சொன்னா நான் கேட்டதாப் போயிரும். கேட்டா நான் என்னமாவது செய்யணும்" என்றார்.

"வேல போனா என்ட குடும்பம் ரோட்டுல சேர். மேடம் ஊருக்குப் போன பொறகாவது..."

"அவங்க வருசா வருசம் வாறவங்க. வீடியோவ எத்தன பேரு பாத்திருக்காங்க தெரியுமா? நீங்க எழுத்துக் கூட்டி வாசிப்பீங்க எண்டு இப்ப ஒலகத்துக்கே தெரியும். வாசிக்கத் தெரிஞ்ச ஆள வச்சு நான் அந்தப் படகுல என்ன செய்ய?"

வரவேற்பு மேசையிலாவது ஒரு வேலை என்று நளீர் இழுத்தான். அதற்குப் பள்ளிக்கூடத்து ஓ.எல். பரீட்சையில் சித்தி வேண்டும், நீங்கள் இப்போதுதானே ஏ, பி, சி என்று முஹ்ஸின் மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அவர் உதட்டில் சின்னச் சிரிப்பு ஒன்று ஓடி மறைந்தது. அதை நளீர் ஏளனம் என்று எடுத்துக்கொண்டான்.

பிரியாவிடை முற்றத்தில் நடந்தது. முயல் படம் போட்ட பள்ளிக்கூடப் பை ஒன்றை அனஸ்தாசியா அவன் தோளில் மாட்டிவிட்டாள். உள்ளே கொப்பிகளும் பென்சில்களும் ஒரு அழிறப்பரும் இருந்தன. விருந்தினர்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். வாசல் பலகையிலிருந்து துடுப்போடு சிரித்த நளீரைக் கழற்றி, ஆணி அடித்த நான்கு ஓட்டைகளை மட்டும் மிச்சம் வைத்தார்கள்.

வீட்டில் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், ஜெர்மன் மேடம் என் படிப்புச் செலவைப் பொறுப்பெடுத்திருக்கிறார், கொஞ்ச நாளைக்கு வேலைக்குப் போகமாட்டேன் என்று மட்டும் மாமாவிடம் சொன்னான். அதில் ஒரு பொய்யும் இல்லை என்பது அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது. பதுர்தீன் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். மறுநாளே சந்தியில் மூன்றாவது பேனர் ஏறியது. வெளிநாட்டு உதவியுடன் மேற்படிப்புக்குத் தெரிவாகிய எங்கள் மருமகனை வாழ்த்துகிறோம் என்று அது சொன்னது. றுமானா அதை வாசித்துவிட்டு வயிற்றைத் தடவிக்கொண்டு உள்ளே போனாள்.

திங்கட்கிழமை காலை அந்தப் பேனரின் கீழ், முயல் படம் போட்ட பையோடு நளீர் புத்தளம் பஸ்ஸுக்கு நின்றான். வகுப்புக்குப் போகாவிட்டால், அங்கே படிப்பிக்கிறவர் ஜெர்மனிக்கு அறிவித்துவிடுவார், அனஸ்தாசியா மறுபடி வீட்டுக்கு வந்து நிற்பாள். சாள்ஸ் சைக்கிளில் வந்து பக்கத்தில் ஒரு காலை ஊன்றினார்.

அவரைப் பார்த்ததும் நளீருக்கு ஒரு யோசனை வந்தது. தனக்குப் போனது போகட்டும், அந்த வேலை இவருக்காவது கிடைக்கட்டும் என்று பட்டது. சாள்ஸுக்கு அது எந்தப் பொய்யும் இல்லாத வேலை. அவருடைய சனங்கள் காற்று மாறினால் வாடியைப் பிரித்துக்கொண்டு கிழக்குக் கரைக்குப் போகிறவர்கள், மறுபடி காற்று மாறினால் இங்கே வருகிறவர்கள். எந்தப் பள்ளிக்கூடத்திலும் அவருடைய பெயர் ஏறியதே இல்லை. கடலில் பிறந்து வளர்ந்தவர், வாந்தி எடுக்காதவர். கிழிந்த பனியன்கூட அவரிடம் சொந்தமாக இருந்தது.

"அண்ணன், அந்த எடம் இப்ப சும்மாதான் கெடக்கு. நீங்க போய்க் கேளுங்க" என்றான் நளீர். "நான் நடிச்சத நீங்க நடிக்கத் தேவயில்ல. உள்ளதச் சொன்னாப் போதும்."

சாள்ஸுக்கு அது கொஞ்சம் கூச்சமாக இருந்தது. இயந்திரம் பிடிக்கிறவனுக்கு நாட்கூலி, பலகையில் நிற்கிறவனுக்கு மாதச் சம்பளம் என்பது அவருக்கும் தெரியும். மூத்த மகளுக்குச் சம்பந்தம் பேசி வைத்திருப்பதாகச் சொன்னார். பிறகு சைக்கிளைத் திருப்பிக்கொண்டு ஹோட்டல் பக்கமாகப் போனார். கடைசியில் ஒரு வேலையாவது அதற்குப் பொருத்தமான ஆளுக்குப் போகப்போகிறது என்று நளீருக்கு மனதில் ஒரு நிம்மதி வந்தது.

பஸ் வரவில்லை. இரண்டு வெங்காய லொறிகள் போயின. தெரிந்தவர்கள் சிலர் பேனரைப் பார்த்துவிட்டுக் கீழே நின்றவனுக்கும் வாழ்த்துச் சொல்லிப் போனார்கள். முஹ்ஸினின் ஜீப் காலையிலேயே போயிருக்கும், அவர் ஒபிஸில்தான் இருப்பார் என்று நளீர் கணக்குப் போட்டான். கடைசியில் சாள்ஸ்தான் பஸ்ஸுக்கு முந்தி வந்தார். சைக்கிளை ஓட்டாமல் உருட்டிக்கொண்டு வந்தார்.

"என்ன அண்ணன், ஒண்டாம் தேதியிலயிருந்தா வரச் சொன்னாங்க?"

சாள்ஸ் இல்லையென்று தலையாட்டினார். நளீரைப் பார்க்காமல், அவனுக்கு மேலே கவுணும் தொப்பியுமாகச் சிரித்துக்கொண்டிருந்தவனைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஏலாதாம் தம்பி. அந்த வேலைக்கு டிகிரி முடிச்ச ஆக்களத்தான் எடுக்கிறதாம். உங்களையும் சந்தியில கெடந்த பழைய பேனரப் பாத்திட்டுத்தான் எடுத்தவராம்."